ரயில் பெட்டியும் நாற்றமும்: பெரம்பூர் வழியாக ஒரு வரலாறு

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் வியாசர்பாடி ஜீவாவுக்கும் வில்லிவாக்கத்துக்கும் நடுவே மூன்று நிலையங்கள் ஒரே ஊரின் பெயரைச் சொல்லும். பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். ரயில் பெட்டி பிறக்கும் இடமும், நோய்ப்பட்டால் வந்து படுக்கும் இடமும் இந்த வட்டாரம்தான். ஐசிஎஃப் என்னும் இன்டெக்ரல் கோச் ஃபாக்டரியில் பெட்டி செய்கிறார்கள். கேரேஜ் ஒர்க்ஸில் அதைப் பிரித்துப் பார்த்துப் பழுது நீக்குகிறார்கள். பேசின் பிரிட்ஜ் யார்டில் பயணம் முடித்து வந்ததைக் கழுவி மறுபடி அனுப்புகிறார்கள். இந்த மூன்று இடங்களுக்கும் பொதுவான பழைய பகை ஒன்று உண்டு. அது நாற்றம்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது சுலபமான வேலை இல்லை. கழிவில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை மனித மூக்கு மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். ஆனால் அதிலேயே கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு மரத்துப்போகும். பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவருக்கு நாற்றம் குறைந்ததுபோல் தோன்றும்; அடுத்த நிலையத்தில் புதிதாக ஏறுபவர்தான் முகத்தைச் சுளிப்பார். அதனால் துப்புத் துலக்க வேண்டியவர், வெளிக்காற்றுக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்துதான் மோந்து பார்க்க வேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி பெரம்பூரில் பட்டறை போட்டதும் அதே ஆண்டில்தான். சாதாரண மக்கள் ஏறிய அந்தக் காலப் பெட்டிகளில் கழிவறை கிடையாது; வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி ஓடவேண்டும். 1866-லேயே வட இந்தியாவில் பிரிட்டிஷ் இந்தியன் அசோசியேஷன் வைஸ்ராயிடம் கொடுத்த மனுவில் மூன்றாம் வகுப்புப் பயணிகளின் அவதிகள் எழுதப்பட்டிருந்தன. ஆனாலும் எல்லோருக்கும் நினைவிருப்பது வங்காளத்து ஒகில் சந்திர சென் 1909-ல் எழுதிய கடிதம்தான். பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமத்பூர் நிலையத்தில் அவசரமாக இறங்கி ஒதுங்கியிருக்கிறார். கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, ஆண் பெண் அத்தனை பேர் முன்னாலும் விழுந்தார். அந்தக் கடிதம் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கீழ் வகுப்புகளில் கழிவறை வந்ததற்கு அந்த ஒரு கடிதமே காரணம் என்பது மிகை. அதற்கு முன் நாற்பது ஆண்டுகளாகப் பலர் கேட்டுக் களைத்திருந்தார்கள்.

கழிவறை வந்தது. கூடவே நாற்றமும் பெட்டிக்குள் குடிவந்தது. 1917-ல் பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காந்தி, அந்தப் பயணத்தைப் பற்றி விரிவாக எழுதினார். 22 பேருக்கான பெட்டி. ராய்ச்சூரைத் தாண்டியபிறகு உள்ளே 35 பேர். வழி நெடுகப் பெட்டியை யாரும் கூட்டவில்லை, கழிவறையையும் கழுவவில்லை, தொட்டியில் தண்ணீரும் இல்லை. காந்தியின் பட்டியலைப் படித்தாலே நாற்றத்தின் மூலம் புரிந்துவிடும். அன்று அதற்குத் துப்பறிவாளர் தேவைப்படவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-ல் சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, பெரம்பூரில் இன்டெக்ரல் கோச் ஃபாக்டரி எழும்பியது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்தார். முதலில் வெறும் கூடு மட்டும். 1962-ல்தான் உட்புற வேலைகளுக்கான ஃபர்னிஷிங் பிரிவு வந்தது. எடை குறைந்த, மோதினாலும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நசுங்காதபடி வடிவமைத்த இரும்புப் பெட்டி அது. பொறியியலாகப் பார்த்தால் பெருமைக்குரிய படைப்பு. ஆனால் கழிவறை விஷயத்தில் பழைய வழக்கமே தொடர்ந்தது. பேசினுக்குக் கீழே ஒரு குழாய், குழாய்க்குக் கீழே தண்டவாளம். வண்டி ஓட ஓடக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதே அந்த ஏற்பாட்டின் முழுத் தத்துவம்.

முழுவதும் போகவில்லை. கழிவறைத் தரையின் ஓரங்களில் கசிந்த தண்ணீரும் சிறுநீரும் தரைப் பலகைக்கு அடியில் இறங்கி, கீழிருக்கும் வளைந்த இரும்புத் தகட்டில் தேங்கின. பட்டறைக்காரர்கள் அந்தத் தகட்டை டிரஃப் ஃப்ளோர் என்பார்கள். பக்கவாட்டில் பெட்டியைத் தாங்கும் சோல் பாரையும் அந்த ஈரம் அரித்தது. வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளக்கும்; உள்ளே இரும்பு கரைந்துகொண்டிருக்கும். பீரியாடிக் ஓவர்ஹாலுக்காக, அதாவது பிஓஎச்சுக்காக, கேரேஜ் ஒர்க்ஸுக்கு வந்த பழைய பெட்டிகளில் கழிவறைப் பக்கத் தரையைப் பெயர்த்து அரித்த தகட்டை வெட்டி, புதிய தகட்டை வைத்து வெல்டிங் செய்வது தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை. எத்தனை ஃபினாயில் ஊற்றியும் போகாத நாற்றத்துக்கு அங்கேதான் விடை கிடைத்தது. மேலே கழுவியதெல்லாம் கீழே போய்ச் சேர்ந்திருந்தது.

பெட்டியிலிருந்து விழுந்தது எங்கே போனது? தண்டவாளத்துக்கு. அங்கே பாதையைப் பார்வையிடும் கீமேன் நடந்தார், கேங்மேன் குனிந்து போல்ட் முடுக்கினார், நிலையங்களில் துப்புரவுத் தொழிலாளர்கள் அதை அள்ளினார்கள். பயணியின் மூக்கிலிருந்து எடுத்த நாற்றத்தை இந்தத் தொழிலாளர்களின் உடம்பில் கொண்டுபோய் ஒப்படைத்ததுதான் நூறாண்டு காலம் தீர்வு என்று பெயர் பெற்றிருந்தது. இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை. ரயில்வே பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு, 2012-ல் கொடுத்த அறிக்கையில், சுமார் 43,000 பெட்டிகளிலும் கழிவு வெளியே விழாத கழிவறைகளை ஐந்தாண்டுகளில் பொருத்தவேண்டும் என்றும், அதற்கு 3,000 கோடி ரூபாய் ஆகும் என்றும் சொன்னது. கழிவு தண்டவாளத்தையும் பெட்டியின் அடிப்பகுதியையும் அரிக்கிறது என்பதும் குழுவின் கவலை. 2014 மார்ச் 27 அன்று, துப்புரவுத் தொழிலாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் மனிதர் கையால் மலம் அள்ளுவதைக் காலவரையறை வைத்து ஒழிக்க ரயில்வேக்கு உத்தரவிட்டது.

மாற்று, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் குவாலியர் ஆய்வகத்திலிருந்து வந்தது. குளிர்ப் பிரதேசங்களில் வேலை செய்யும் வீரர்களுக்காக, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் முறையை அங்கே உருவாக்கியிருந்தார்கள். அதைப் பெட்டிக்கு அடியில் ஒரு எஃகுத் தொட்டியாகத் தொங்கவிட்டதுதான் பயோ டாய்லெட். தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி இடமுண்டு. மானாமதுரை–ராமேஸ்வரம் இடையிலான 114 கிலோமீட்டர் பாதை, 2016 ஜூலை 24 அன்று, கழிவு விழாத நாட்டின் முதல் பசுமை வழித்தடமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பாதையில் ஓடிய 10 ரயில்களின் 286 பெட்டிகளிலும் தொட்டி பொருத்தியிருந்தார்கள். இன்று நாடெங்கும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொட்டிகள் ஓடுகின்றன.

தண்டவாளம் சுத்தமானது. நாற்றம் மறுபடி பெட்டிக்குள் ஏறியது.

காரணம் எளிமையானது. முன்பு திறந்த குழாய். இப்போது மூடிய தொட்டி. தொட்டி நாறத்தான் செய்யும். அதன் காற்று மேலே வராமல் தடுப்பது, வளைந்த டிராப்பில் நிற்கும் ஒரு வாய்த் தண்ணீர். வீடுகளில் அந்தத் தண்ணீர் அசையாமல் நிற்கும். ஓடும் பெட்டியின் ஆட்டத்தில் அது சிந்தி இறங்கிவிட வாய்ப்புண்டு. தண்ணீர்த் தொட்டி காலியான வண்டியில் அதை மீண்டும் நிரப்ப வழியும் இல்லை. கழிவறையில் யாரோ போட்ட தண்ணீர் பாட்டில், குட்கா பாக்கெட், நாப்கின் ஆகியவை வாயை அடைத்துக்கொண்டால் கழிவு மேலேயே நிற்கும். நன்றாகக் கழுவுவதாக நினைத்து ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் கொட்டினால் பாக்டீரியாக்கள் சாகும். அப்புறம் தொட்டி வெறும் சாக்கடைதான். ஏசி பெட்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. குளிரூட்டும் இயந்திரங்கள் பெட்டியின் இரு முனையிலும் கூரையில், கழிவறைப் பகுதிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. நடுக் கதவு சரியாகச் சாத்தாவிட்டால் அந்தக் காற்றையே இழுத்து, குளிர்வித்து, எல்லாப் படுக்கைகளுக்கும் சமமாகப் பரிமாறும்.

2017-ல் கணக்குத் தணிக்கை அதிகாரியான சிஏஜி, 25,080 பயோ டாய்லெட்டுகளை வைத்துப் பார்த்தபோது ஒரே ஆண்டில் 1,99,689 குறைபாடுகள் பதிவாகியிருந்தன. அவற்றில் 1,02,792 அடைப்புகள். கெட்ட நாற்றம் தனித் தலைப்பாகவே இருந்தது. அதே ஆண்டு வெளியான சென்னை ஐஐடியின் ஆய்வு இன்னும் கடுமையானது. சேர்கிற கழிவு சரியாகச் சிதைவதில்லை. செப்டிக் டேங்கைவிட இது மேல் என்று சொல்ல முடியாது என்றது. ஒரு நல்ல யோசனை, பராமரிப்பைப் பற்றிப் போதுமான அக்கறையில்லாமல் அவசரமாகப் பரப்பப்பட்டதன் விளைவு இது என்றே கருதவேண்டியிருக்கிறது.

ஐசிஎஃப் பழைய பாணி இரும்புப் பெட்டியின் கடைசி வண்டியை 2018 ஜனவரியில் வழியனுப்பியது. துருப்பிடிக்காத எஃகில் ஆன எல்ஹெச்பி பெட்டிகள் அந்த இடத்தைப் பிடித்தன. புதிய பெட்டிகளில், தரைக்கு அடியில் இரும்பு கரையும் கதையில் பெரும்பகுதி அதோடு முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த டிரெய்ன் 18, பின்னாளில் வந்தே பாரத் ஆனது. அதில் விமானத்தில் உள்ளதுபோல் காற்றால் உறிஞ்சும் வாக்குவம் கழிவறை. அரை லிட்டர் அளவு தண்ணீரில் வேலை முடியும். உறிஞ்சிய உடனே வால்வு மூடிக்கொள்வதால் தொட்டிக்கும் பயணிக்கும் நடுவே ஆடிச் சிந்தும் தண்ணீரை நம்பவேண்டியதில்லை. இதுவரை வந்தவற்றில் இதுதான் சரியான விடை. ஆனால் சாதாரண மக்கள் போகும் முன்பதிவில்லாப் பெட்டிக்கு அது எப்போது வரும் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. கழிவறையே முதல் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு இறங்கி வரப் பல ஆண்டுகள் ஆயிற்று. இந்த முறை அவ்வளவு காலம் ஆகக்கூடாது.

அதுவரை அடைத்துக்கொண்ட தொட்டியைத் திறந்து பாட்டிலையும் துணியையும் எடுப்பவர், யார்டின் பிட் லைன் பள்ளத்தில் பெட்டிக்கு அடியில் நிற்கும் ஒரு தொழிலாளிதான். ஆகவே அடுத்த பயணத்தில் குப்பையைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். நாற்றம் அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வராதீர்கள். ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்து, ரயில் எண், பெட்டி எண், எந்த முனைக் கழிவறை, வண்டி ஓடும்போது மட்டுமா நிற்கும்போதுமா என்று சொல்லுங்கள்.