நா. கோவிந்தசாமியும் சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறைக் கணினியும்

1997ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கல்வியமைச்சு அறிவித்த தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டம், 2002ஆம் ஆண்டிற்குள் பாட நேரத்தில் 30 விழுக்காடு வரை கணினிவழி அமைய வேண்டுமென இலக்கு வகுத்தது. தமிழாசிரியர்க்கு எழுத்தே முதற்சிக்கலாயிற்று. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட பாடம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே விரிந்தது. பிறமொழி வகுப்புகள் கணினிக்கு மாறுகையில் தமிழ் வகுப்பு மட்டும் கரும்பலகையோடு நின்றுவிடும் நிலை.

இவ்விடரை முன்னரே உணர்ந்தவர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்த சிறுகதை ஆசிரியர் நா. கோவிந்தசாமி. அவர் ‘கணியன்’ என்னும் தமிழ் உள்ளீட்டு முறையை உருவாக்கினார். 1995இலேயே தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றுவித்தார். அவரை எழுத்துரு வல்லுநராக மட்டும் குறிப்பது குறையுடைத்து. வகுப்பறைத் தேவையே அவரைக் கணினிக்கு அழைத்துச் சென்றது எனலாம். 1999 பிப்ரவரியில் சென்னைத் தமிழிணைய மாநாடு பொது விசைப்பலகையைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் அவர் மறைந்தார்.