மலைமேல் சேமித்த மின்சாரம்

பம்பாய் நகரத்தின் மின்சார வரலாற்றை எழுதப் புகுவோர் 1907-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய மின்சார டிராமிலிருந்தே ஆரம்பிப்பது வழக்கம். ஆனால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நம்மவர், நடுநிசியில் மின்விசிறி நின்றுவிடுமோ என்ற கவலையின்றித் தலைமுறை தலைமுறையாக உறங்கிவந்ததன் காரணத்தைத் தேடுவோமானால், நகரத்தையும் கடற்கரையையும் விட்டு, ஸஹ்யாத்ரி மலைமேல் இருக்கும் லோணாவளாவுக்கே போக வேண்டியிருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதங்களில் அங்கே பெய்து தீர்ந்துவிடும் மழையை அணைகட்டித் தேக்கி, வருஷம் முழுவதும் சிறிது சிறிதாகக் கீழே இறக்கி மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனையை டேவிட் காஸ்ட்லிங் என்ற கட்டடக் கலைஞர் ஜாம்ஷெட்ஜி டாட்டாவிடம் சொன்னார். 1904-இல் ஜாம்ஷெட்ஜி காலமானபோதும் அது யோசனையாகவே இருந்தது. அவருடைய புதல்வர் தோராப்ஜியின் காலத்தில், 1910-இல் கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டு, 1911-இல் கவர்னர் ஸர் ஜார்ஜ் கிளார்க் அஸ்திவாரக் கல் நாட்டி, 1915 பிப்ரவரியில் கோபோலி மின்நிலையம் இயங்கலாயிற்று. லோணாவளா, வல்வன், ஷிராவ்டா ஏரிகளின் நீர், ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து, மலைச்சரிவில் பதித்த இரும்புக் குழாய்களின் வழியே இறங்கி, சக்கரத்தின் விளிம்பெங்கும் பொருத்திய கிண்ணங்களில் ஓங்கி அறைந்து அதைச் சுழற்ற, அதில் பிறந்த சக்தி கம்பி வழியாகப் பரேலுக்கு வந்து, அதுவரை நிலக்கரிப் புகையைக் கக்கிக்கொண்டிருந்த பஞ்சாலைகளை ஓட்டியது. கொதிகலனை வேண்டும்போது மூட்டி வேண்டாதபோது அணைப்பது எளிதன்று; ஏரி நீரோ, குதிரில் கொட்டிவைத்த நெல்லைப்போல, வேண்டும் வரையில் கிடந்து, மாலையில் நகரமெங்கும் விளக்கேற்றும் நேரத்தில் சில நிமிஷங்களுக்குள் மின்சாரமாகிக் கை கொடுக்கும். இன்று நாம் பாட்டரியிடம் எதிர்பார்க்கும் வேலையும் இதுவே.

1922-இல் பிவ்புரி, 1927-இல் பிரா என்று நிலையங்கள் பெருகின. பிராவுக்காக முள்ஷிப் பள்ளத்தாக்கில் அணை எழும்பியபோது, நிலம் நீரில் மூழ்கப்போவதைக் கண்ட விவசாயிகள் 1921-இல் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். சேனாபதி பாபட் தலைமை வகித்துச் சிறை சென்றார். இருந்தும் அணை கட்டப்பட்டது. நகரத்தார் சௌகரியமாக வாழ்வதற்கு வேறு ஜனங்கள் விலை கொடுத்தார்கள் என்பதை, பம்பாயின் பெருமையைப் பேசுவோர் ஒருபோதும் மறக்கலாகாது. 1956-இல் செம்பூருக்கு அடுத்த டிராம்பேயில் அனல் மின்நிலையம் வந்தது. மலை நீர், டிராம்பே அனல், வெளியூர்க் கம்பிகள் ஆகியவற்றின் துணையோடு, தேசத்தின் மற்ற நகரங்கள் அறியாத தடையற்ற மின்சாரத்தை இந்நகரம் அனுபவித்தது. 1981-இல், வெளி மின்தொகுப்பு விழுந்தால் நகரத்தை அதிலிருந்து அறுத்துத் தனித் தீவாக நிறுத்தி, சொந்த நிலையங்களைக் கொண்டு காப்பாற்றும் ஏற்பாடும் வந்து சேர்ந்தது. 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு மிகுந்து, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் குடிபுகுந்தபோது, மாட்டுங்காவிலிருந்த உறவினர்களுக்கு அதன் அவசியமே விளங்கவில்லை.

2020 அக்டோபர் 12-ஆம் தேதி காலையில் அது விளங்கிற்று. வெளிக் கம்பிகளின் தொடர்பு அறுந்தது. தீவாக நிற்கவேண்டிய நகரத்தில் அந்நேரத்துத் தேவைக்குப் போதிய உற்பத்தி இல்லாமையால் ஏற்பாடு குலைந்தது. புறநகர் ரயில்கள் நின்றன. சில பகுதிகளில் விளக்கு வர இரவாயிற்று. அந்த ஏற்பாடு தீயதன்று. சுமைக்கும் கையிருப்புக்கும் பொருத்தம் இல்லாதபோது எவ்வளவு நல்ல ஏற்பாடும் நிற்காது என்பதே அதில் நாம் அறியவேண்டிய விஷயம்.

இப்போது மொட்டைமாடியில் சூரியத் தகடு பரப்புகிற குடும்பங்கள் பாட்டரி தேடும்போதும், சுமைக்குக் கையிருப்பு பொருந்துமா என்ற இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். தெருக்கம்பியோடு இணைத்த சாதாரண ஸோலார், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியைச் செப்பனிடும் தொழிலாளியின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. ஆகையால் வெயில் கொளுத்தும் நண்பகலிலும், பாட்டரியும் அதற்கேற்ற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் இல்லாத வீடு இருட்டில்தான் இருக்கும். அவை இருந்தால், 1981-இல் நகரத்துக்குச் செய்ததை நாம் வீட்டுக்குச் செய்துகொள்கிறோம். எத்தனை யூனிட் அடங்கும் என்று மட்டும் விசாரித்து, ஒரே சமயத்தில் எத்தனை கிலோவாட் தாங்கும் என்று விசாரிக்காமல் வாங்குகிறவர், ஏர்கண்டிஷனரைப் போட்ட மாத்திரத்தில் அக்டோபர் 12-ஐத் தம் வீட்டுக்குள்ளேயே காண்பார். விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி இவற்றுக்கு நாலைந்து மணி நேரத்துக்கு இரண்டு யூனிட்டே தாராளம்.

பழைய ஈய பாட்டரியை நம் வீடுகள் அறியும்: பால்கனி மூலையில் கனத்த கறுப்புப் பெட்டி, முனைகளில் பூத்த வெண்பச்சைப் பொருக்கு, அவ்வப்போது மூடியைத் திறந்து ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர். 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் என்றால் கணக்கில் 1.8 யூனிட், பாட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமானால் அதில் பாதிக்குமேல் இறக்கலாகாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி விலை கூடியது. ஆயினும் கொள்ளளவில் பெரும்பகுதியை நாள்தோறும் எடுத்தாலும் பல ஆண்டு தாங்குவதாலும், பராமரிப்பு வேண்டாததாலும், ஸோலாரோடு சேர்க்க அதுவே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். எந்த பாட்டரியும் மழைக்காலத்தை வெயிற்காலத்துக்குச் சேமித்துத் தராது; அது லோணாவளா ஏரிக்கு மட்டுமே சாத்தியம். வீட்டு பாட்டரி பகலை இரவுக்குக் கொண்டுசேர்க்கும், அவ்வளவே.

மத்திய அரசு 2024-இல் தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில், சூரியத் தகடு அமைக்கத் தனி வீடுகளுக்கு 78,000 ரூபாய் வரையில் மானியம் உண்டு. அடுக்ககச் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். மொட்டைமாடி அனைவருக்கும் பொதுவான மாட்டுங்கா, செம்பூர்க் கட்டடங்களில், ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனிப் பெட்டி வாங்குவதைவிட, சங்கமே சேர்ந்து லிஃப்டுக்கும் தண்ணீர் பம்புக்கும் ஒரு பாட்டரி அமைப்பதே விவேகம். ஐந்தாம் மாடியிலிருக்கும் வயோதிகருக்கு மின்வெட்டில் முதலில் வேண்டியது அதுதான். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் சந்ததியார் தகரக் கூரையின்கீழ் தொழில் செய்யும் தாராவியிலோ, தகடு வைக்க மாடியே இல்லை. அங்கே புதுக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர்கள், மாடியில் வெயில் படும் இடத்தையும், கீழே காற்றோட்டமான, மழைநீர் ஏறாத பாட்டரி அறையையும் முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும் என்று குடியிருப்போர் இப்போதே எழுதிக் கேட்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.