லாமிங்டனும் ஒரு கிருமியும்

தம்பி தங்கைகளே, லாமிங்டன் சாப்பிடாமல் ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூடம் முடித்தவர் யாராவது இருக்கிறார்களா? சதுரமான கேக், அதைச் சுற்றிச் சாக்லேட், அதன் மேல் வெள்ளைத் தேங்காய்ப்பூ. 1896 முதல் 1901 வரை குவீன்ஸ்லாந்தின் ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரால் வந்த பலகாரம் இது என்று பலரும் சொல்வார்கள். கேக்கின் கதை அது. நான் சொல்லப்போவது அந்தத் தேங்காய்ப்பூவின் கதை.

மெல்பேர்ன் குளிரில் தென்னை காய்க்காது. அதனால் தேங்காய் இங்கே உலர்ந்த துருவலாகவே கப்பலேறி வந்தது. இலங்கையில் குருநாகல், சிலாபம், நீர்கொழும்புப் பக்கங்களில் இதற்கென்றே தொழிற்சாலைகள் இருந்தன. சிரட்டையை உடைத்து, பருப்பின் மண்ணிறத் தோலைச் சீவி, கழுவி, துருவி, சூடான காற்றில் உலர்த்திப் பெட்டிகளில் அடைப்பார்கள். ஈரம் இல்லாததால் மாதக்கணக்கில் பழுதாகாது. பழுதாகாத பொருளால் நோயும் வராது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

1953-இல் அந்த நம்பிக்கை உடைந்தது. ஆஸ்திரேலியாவில் சிலருக்குத் தைபோய்டு காய்ச்சலும், சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கும் வந்தன. தேடிப்போனவர்கள் கடைசியில் போய் நின்ற இடம் உலர்ந்த தேங்காய்ப்பூ. அது பப்புவாவிலிருந்து வந்தது. அப்போது பப்புவாவை ஆண்டதும் ஆஸ்திரேலியாதான். வில்சன், மெக்கென்சி என்ற இரு ஆய்வாளர்கள் 1955-இல் இதை விரிவாக எழுதினார்கள்.

உலர்ந்த பொடியில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும்? ஈரம் இல்லாவிட்டால் பாக்டீரியாவால் பெருக முடியாது என்பது உண்மை. ஆனால் பெருகாமல் இருப்பது வேறு, சாவது வேறு. சால்மொனெல்லா உலர்ந்த உணவில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். தேங்காயின் கொழுப்பு அதற்கு ஒரு போர்வை மாதிரி. உலர்ந்தபின் சூட்டையும் அது கூடுதலாகத் தாங்கும். பிறகு அந்தப் பொடியில் பாலோ தண்ணீரோ சேர்த்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் மளமளவென்று பெருகும். லாமிங்டனைப் பாருங்கள்: கேக் வெந்த பிறகுதான் தேங்காய்ப்பூவில் புரட்டுகிறோம். அந்தத் தேங்காய்ப்பூவை அடுப்பு தொடுவதே இல்லை.

பப்புவாவோடு கதை முடியவில்லை. 1960-இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் இலங்கைத் தேங்காய்ப்பூவிலும் சால்மொனெல்லா இருப்பதை எழுதினார்கள். இலங்கைக்கு அது பெரிய அடி. தேங்காய் தோட்டக்காரரின் வருமானம் மட்டுமல்ல. தோல் சீவும் பெண்கள், சிரட்டை உடைப்பவர்கள் என்று எத்தனையோ குடும்பங்களின் சோறு. வெளிநாட்டார் வாங்க மறுத்தால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள்தான்.

இந்தச் சிக்கலை ஆராய்ந்தவர்களில் நம்மவர் ஒருவரும் உண்டு. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் வேலாயுதபிள்ளை என்ற நுண்ணுயிர் ஆய்வாளரும் அவரோடு பணிசெய்தவர்களும் தேங்காய்ப்பூவில் உள்ள சால்மொனெல்லா பற்றி 1963-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அதே ஆய்வை மீதெனிய என்பவர் 1969 வரை தொடர்ந்தார். பெயர்களைப் பாருங்கள்: தமிழரும் சிங்களவரும் ஒரே மேசையில் இருந்து ஒரே கிருமியைத் தேடியிருக்கிறார்கள்.

கிருமி எங்கிருந்து வந்தது? உடையாத தேங்காயின் உட்புறம் சுத்தமானது. சிரட்டை உடைந்த பிறகு படும் நிலம், தண்ணீர், கை, கத்தி, கூடை இவற்றிலிருந்துதான் கிருமி ஏறும். அதிலும் தைபோய்டுக் கிருமி வாழ்வது மனித உடலில் மட்டும். அதனால் தொழிலாளர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் நல்ல தண்ணீரும், கை கழுவ வசதியும், கழிப்பறையும் கொடுக்காமல் சுத்தமாக இரு என்றால் எப்படி? அந்தப் பொறுப்பு தொழிற்சாலையை நடத்துபவருடையது. 1961-இல் இலங்கையில் உலர் தேங்காய் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் விதிகள் வந்தன. சீவிய பருப்பைத் துருவுவதற்கு முன் கொதிநீரில் முக்கி எடுக்கும் முறையும் பரவியது. ஈரமான சூடு, உலர்ந்த சூட்டைவிட வேகமாகக் கிருமியைக் கொல்லும். நம் ஆச்சிமார் பால் காய்ச்சியபோது செய்ததும் அதுதான்.

இன்றும் ஆஸ்திரேலியாவுக்குள் வரும் உலர் தேங்காய் ஆபத்து உணவுப் பட்டியலில் இருக்கிறது; சால்மொனெல்லா சோதனைக்கு உட்பட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஹெலன்ஸ்பர்க்கில் எங்கள் வீட்டு அலுமாரியில் தேங்காய்ப்பூ, கஸ்டர்ட் பொடி, பாயச மிக்ஸ், குலாப் ஜாமுன் மிக்ஸ் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். கோயில் திருவிழா வந்தால் வரிசை இன்னும் நீளும். பயந்து எதையும் எறிய வேண்டாம். சில பழக்கங்கள் போதும். கரைத்த மாவை வேகுமுன் நக்கிப் பார்க்காதீர்கள். காய்ச்சச் சொன்னதைக் காய்ச்சுங்கள். ஈரக் கரண்டியைப் பொடிக்குள் விடாதீர்கள். செய்த இனிப்பில் மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். திரும்பப் பெறும் அறிவித்தல் வந்தால், உங்கள் பாக்கெட்டின் எண்ணை ஒருமுறை பாருங்கள். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கஷ்டமாக இருந்தால், அந்த வேலை உங்களுடையது.