ஒரு நாடும் இரு மீடிறன்களும்

மின்சாரத்தின் வரலாற்றை ஒருசில விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்புக்களின் வரலாறாகவே கற்பிப்பது எமது பாடசாலைகளில் நிலைத்துவிட்ட வழக்கம். மின்குமிழில் 230 உவோற்று என்று பொறித்திருப்பதை மாணவர் வாசிக்கின்றனர். செக்கனுக்கு 50 சுற்றுகள் என்று பரீட்சைத் தாளில் எழுதுகின்றனர். அந்த 50 எங்கிருந்து வந்தது, ஏன் 40 ஆகவோ 60 ஆகவோ இருக்கவில்லை என்று கேட்பார் இல்லை. தமிழ் கற்பிப்போருக்கு இவ்விசாரணை எதற்கு என்று நண்பர் சிலர் நகைக்கலாம். ஆயினும் இது பௌதிகவியலாருக்கு மட்டும் உரிய வினா அன்று என்பதை யப்பானின் அனுபவம் காட்டுகின்றது.

முதலில் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். அழுத்தம் என்பது கம்பியினூடாக ஓட்டத்தைச் செலுத்தும் உந்தல். அதனைப் பத்து மடங்காக்கினால், அதே வலுவை அனுப்பப் பத்திலொரு பங்கு ஓட்டம் போதும். கம்பியில் வெப்பமாக விரயமாவதோ நூறிலொரு பங்காகக் குறைந்துவிடும். இரும்பின் மீது சுற்றிய இரு கம்பிச் சுருள்களாலான நிலைமாற்றி, ஆடலோட்டத்தின் அழுத்தத்தை வேண்டியவாறு ஏற்றவும் இறக்கவும் வல்லது. மலைநாட்டு நீர்வீழ்ச்சியின் வலு தொலைதூர நகரத்துத் தொழிற்சாலையை அடைந்தது இதனாலேயே.

மீடிறன் வேறு வகையினது. ஓட்டம் ஒரு செக்கனில் எத்தனை முறை முன்னும் பின்னுமாகச் சென்று ஒரு சுற்றை நிறைவு செய்கின்றது என்பதே அது. பிறப்பாக்கி சுழலும் வேகமும் அதன் காந்த முனைவுகளின் தொகையும் அதனை நிர்ணயிக்கின்றன. ஒரு சோடி முனைவுகள் கொண்ட பொறி, 50 சுற்றுகளைத் தர நிமிடத்துக்கு 3000 தடவையும், 60 சுற்றுகளைத் தர 3600 தடவையும் சுழல வேண்டும். ஒரே ஆடலோட்ட வலையமைப்பில் இணைந்த பிறப்பாக்கிகள் யாவும், நூறு மைல் இடைவெளியில் இருப்பினும், ஒரே தாளத்தில் இயங்கியாக வேண்டும். அழுத்தத்தில் முரண்பாடு இருந்தால் நிலைமாற்றி ஒன்றை இடையில் வைத்துத் தீர்த்துவிடலாம். மீடிறனில் முரண்பாடு இருந்தால் அது பயன்படாது. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி, மீண்டும் ஆடலோட்டமாக்கும் பாரிய நிலையங்கள் வேண்டும்.

1890களின் நடுப்பகுதியில் தோக்கியோ நகரத்துக் கம்பனி ஜேர்மனியின் ஏ. ஈ. ஜி. நிறுவனத்திடம் 50 சுற்றுப் பிறப்பாக்கிகளை வாங்கிற்று. ஏறத்தாழ அதே வேளையில் ஒசாக்காவின் கம்பனி அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்ரிக்கிடம் 60 சுற்றுப் பிறப்பாக்கிகளை வாங்கிற்று. மீடிறன் மிகக் குறைந்தால் விளக்கு மினுக்கும். மிகக் கூடினால் இரும்பில் விரயம் பெருகும். 50, 60 இரண்டுமே இவற்றுக்கிடையே கண்ட சமரசங்கள்; ஒன்று மற்றதிலும் மேலானதென்று சொல்வதற்கில்லை. எனவே இங்கு விஞ்ஞானம் தீர்ப்புக் கூறவில்லை, கொள்வனவு கூறிற்று. இரு கம்பனிகளும் தத்தம் சந்தையை விரிக்க விரிக்க, பூஜி ஆற்றை அண்டி நாடு இரண்டாகப் பிரிந்தது. இன்றும் வீடுகளில் அழுத்தம் இருபுறமும் 100 உவோற்றுத்தான். மீடிறன் மட்டும் கிழக்கே 50, மேற்கே 60.

ஒன்றாக்கும் வாய்ப்பு இருக்கவில்லையா? 1939இல் மின்னுற்பத்தியும் கடத்தலும் அரசின் கட்டுப்பாட்டிலிருந்த ஒரே கம்பனியிடம் வந்தன. ஆனால் அவ்வரசின் நோக்கு யுத்தமே. மக்களின் நீண்டகாலத் தேவை அன்று. 1951இல் அக்கம்பனி கலைக்கப்பட்டு, பிரதேசவாரியாக ஒன்பது தனியார் கம்பனிகள் தோன்றின. பிரிவினை உறுதியாயிற்று.

பிரித்தானியாவின் நிலையும் ஒரு காலத்தில் இதனினும் கேடாயிருந்தது. முதலாம் உலகப் போருக்கு முன் இலண்டன் மாநகரப் பகுதியில் மட்டும் பத்து மீடிறன்கள் வழங்கின. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்திய மின்சாரச் சபை, 50 சுற்றுகளை நியமமாகக் கொண்டு நாடளாவிய வலையமைப்பை நிறுவிற்று. பொதுவுடைமையைக் கனவிலும் விரும்பாத பழைமைபேண் கட்சியே இச்சட்டத்தை நிறைவேற்றியது என்பது சுவையான செய்தி. அவ்வாட்சியின் கீழ் வளர்ந்த எமது மின்வழங்கலும் 50ஐயே கொண்டது.

யப்பான் தன் பிரிவினைக்கு விலை செலுத்தியது 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் கிழக்குக் கரையின் மின்நிலையங்களை முடக்கின. ஃபுக்குஷிமா முதலாம் அணுமின் நிலையத்தின் ஆறு உலைகளின் கொள்ளளவு மட்டுமே ஏறத்தாழ 47 இலட்சம் கிலோவாற்று. மேற்கின் நிலையங்கள் சேதமின்றி நின்றன. ஆயினும் இருபுறத்தையும் இணைத்த மூன்று மாற்று நிலையங்களும் சேர்ந்து 10 இலட்சம் கிலோவாற்றுக்கு மேல் கடத்தவியலாதவை. மார்ச் 14 முதல் தோக்கியோவைச் சூழ்ந்த பிரதேசங்களில் முறைவைத்து மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின்தூக்கிகள் நின்றன, புகையிரத சேவைகள் குறைந்தன, வேலைக்குச் செல்வோர் நிலையங்களில் நெடுநேரம் காத்து நின்றனர். அவர்களுள் எவரும் அந்தப் பிறப்பாக்கிகளை வாங்கியவரல்லர்.

அதன் பின் 2021இல் ஹிதா நிலையம் இயங்கத் தொடங்கியதும் கடத்தும் அளவு 21 இலட்சம் கிலோவாற்றாக உயர்ந்தது. அதனை 30 இலட்சமாக்கும் திட்டமும் வகுக்கப்பட்டது. மீடிறனை ஒன்றாக்குவதாயின், நாட்டின் பாதியிலுள்ள பிறப்பாக்கிகளையும் எண்ணற்ற மோட்டார்களையும் மாற்ற வேண்டும். அதனை மேற்கொள்ள எவரும் முன்வரவில்லை.