வானமும் தவணையும்

மழை பொய்த்தால் மனமும் வறளும் என்று வன்னி விவசாயிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் மனிதனைத் தற்கொலைக்குத் தள்ளுவது வானம் மட்டுந்தானா?

1897இல் பிரெஞ்சு அறிஞர் எமில் டர்க்கைம் இக்கேள்வியை ஆராய்ந்தார். ஐரோப்பாவில் வெப்பம் ஏறும் மாதங்களில் தற்கொலை பெருகுவதை அவர் மறுக்கவில்லை. காரணம் வெயிலன்று, சமூக வாழ்வின் வேகமே என்றார். 2017இல் இந்தியாவைக் குறித்து வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது. பயிர்க்காலத்து வெப்பமே தற்கொலையைக் கூட்டிற்று. பயிரில்லாக் காலத்து வெப்பம் அவ்வாறு செய்யவில்லை. வெயில் உடலைச் சுட்டதைவிட விளைச்சலைச் சுட்டதே பெரிது என்று நாம் கொள்ளலாம்.

இலங்கையில் 1995இல் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டபின் பத்தாண்டில் பாதியாயிற்று. அதற்காக வெயில் தணிந்துவிடவில்லை!

இனி நம் வன்னிக்கு வருவோம். 2016இன் இறுதியில் மாரி ஏமாற்றியது, காலபோகம் கருகிற்று. 2009இல் போர் முடிந்தபின் ஊரூராகப் பரவிய நுண்கடன் அப்போது வாசலில் நின்றது. கணவரை இழந்து குடும்பத்தைச் சுமந்த பெண்கள் பலர் அதில் சிக்கியிருந்தனர். வாரத் தவணை மழை பார்த்து வருவதன்று. கடன்பட்ட பெண்கள் உயிர்துறந்த செய்திகளும் வந்தன. 2018இல் அரசாங்கம், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் 1,00,000 ரூபாய் வரையிலான நுண்கடனைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. வறட்சியையும் கடனையும் ஒரே அறிவிப்பில் சேர்த்தெழுதியவர்கள் நாமல்லர், ஆட்சியாளரே.

அதே ஆண்டு டிசம்பரில் இரணைமடுக்குளத்தின் வான்கதவுகள் திறந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் புகுந்தது. அந்த வெள்ளத்துக்குள்ளும் எத்தனை வீடுகளுக்குத் தவணைநாள் வந்திருக்கும்?