வாய்க்கால்மேல் இருப்புப்பாதை: சென்னை மாநகராட்சி வரலாற்றின் ஓர் இயல்

பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதையை அறியாத தமிழ்க் கவிஞர் இருக்க முடியாது. 1930களில் நண்பர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியேறிச் சென்ற ஒரு பயணமே அதன் பொருள். அந்தத் தோணி கடலில் செல்லவில்லை. கடலுக்கு இணையாக ஊருக்குள்ளே ஓடும் பக்கிங்காம் கால்வாயில் சென்றது. இன்று அதே வழியைத் தேடி மயிலாப்பூருக்கு வருகின்ற ஒருவர் முதலில் காண்பது வாய்க்காலை அன்று. வானளாவ நிற்கும் திருமயிலை இரயில் நிலையத்தை. அதன் தூண்களுக்கு நடுவே, கருத்த நீராக, அந்தப் பழைய தோணி வழி கிடக்கிறது. ஒரு நகரம் தன் நீர்வழியின்மேல் இருப்புப்பாதை போட்டுக்கொண்டது எப்படி? அதனை எந்த மன்றம் கூடி முடிவு செய்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் சென்னை மாநகராட்சியின் முந்நூறு ஆண்டு வரலாற்றுக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

சென்னை தட்டையான ஊர். கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் விரிந்து கிடப்பது. மேற்கே பெய்யும் மழை கூவம், அடையாறு ஆகிய இரண்டு சிற்றாறுகள் வழியாக ஊரைக் கடந்தே கடலை அடைய வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றின் இரண்டு மூன்று மாதங்களில் ஆண்டின் மழையில் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் குடிக்க நீர் தேட வேண்டும். இத்தகைய மண்ணில் ஊராட்சி என்பதே பெரும்பாலும் நீராட்சிதான்.

1687 டிசம்பரில் இலண்டனில் வழங்கப்பட்ட பட்டயத்தின்படி, 1688 செப்டம்பர் 29ஆம் நாள் சென்னையில் மாநகராட்சி தொடங்கப்பெற்றது. நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயர். இந்தியாவின் மாநகராட்சிகளுள் மூத்தது இதுவே. வரி வாங்குவதற்கு ஒரு வழியாகவே கும்பினியார் இதனை எண்ணினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வரி கொடுக்க மக்கள் மறுத்ததும், அதனால் கட்ட எண்ணியவை பல கட்டப்படாமற் போனதும் தொடக்க ஆண்டுகளின் கதை. இன்றைய பொருளில் மக்கள் மன்றம் என்று கூறத்தக்க வடிவம் 1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்துக்குப் பின்னரே அமைந்தது. அதற்குள் ரிப்பன் மாளிகை 1913இல் எழுந்துவிட்டது.

கால்வாயின் கதை இதற்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. 1806இல் பசில் காக்ரேன் என்பார் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியது, காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் அது வடக்கே நீண்டது. தெற்கே அடையாற்றுக்கு அப்பாலும் ஒரு கால்வாய் இருந்தது. இவ்விரண்டையும் இணைக்க இடையில் விடுபட்டிருந்தது கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவிலுள்ள எட்டு கிலோமீட்டர். அந்த எட்டு கிலோமீட்டரை வெட்டியவர்கள் தாதுவருடப் பஞ்சத்தில் சோறின்றிச் சென்னைக்கு வந்து சேர்ந்த ஏழைகள். 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக அது நடைபெற்றது. ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வைக்கப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை. இரயில் பாதை பின்னாளில் ஏறி நின்றதும் பெரிதும் இந்தப் பகுதியின் மீதுதான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து விறகும் உப்பும் நெல்லும் தோணிகளில் வந்தன. கழியூன்றியும், கரையில் நடந்தவாறு கயிற்றால் இழுத்தும் தோணி செலுத்தினர். ஆயினும் கால்வாயின் மற்றொரு பயன் அக்காலத்தில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. எண்ணூர்க் கழி, கூவம், அடையாறு, கோவளக் கழி ஆகியவற்றை அது ஒரே நூலிற் கோத்தது. ஓர் ஆற்றின் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் வெள்ளம் பக்கவாட்டில் நகர்ந்து வேறொரு வாயைத் தேடிக்கொள்ள இயன்றது. இது வேண்டப்பட்ட ஏற்பாடும் ஆயிற்று. ஏனெனில் 1870களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல் மணல் துறைமுகச் சுவரில் தடைப்பட்டுத் தெற்கே குவிந்தது. மெரினாவின் அகன்ற மணற்பரப்பு அவ்வாறு பெருகியதே. அதே மணல் கூவத்தின் வாயையும் அடைத்தது. கவிஞர்களுக்குக் கடற்கரை கிடைத்தது, கூவத்துக்கு மூச்சடைத்தது.

போக்குவரத்தும் மழையிடம் முதற்பாடம் கற்றது இவ்வூரில்தான். 1895 மே 7ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் ஓடியது. இந்தியாவில் அதுவே முதல். தலைக்குமேல் கம்பி கூடாது என்று, தெருவின் அடியில் அமைத்த குழாய்வழியில் மின்சாரம் செலுத்தினர். பருவமழை அக்குழாய்வழியை நிரப்பிவிடவே, பின்னர் மேற்கம்பி முறைக்கு மாற வேண்டியதாயிற்று. மழை எங்கே தேங்கும் என்பதை அறியாமல் தெருவுக்கடியில் எதையும் வைக்கலாகாது என்பதை அந்நாளிலேயே நகரம் கண்டறிந்தது. புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை டிராமுக்கும் காலணாவுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்பதும் இந்த டிராம் ஊரின் தெருமுனையில்தான்.

இனி ஏரியின் கதை. மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு நகரின் மேற்கெல்லையாக வளைந்து கிடந்தன. ஆங்கிலேயர் அதனை நீண்ட ஏரி என்றே அழைத்தனர். மக்கள் பெருக்கத்துக்கு இடம் தேடிய அரசும் நகரமைப்பாளரும் 1920களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்து, மாம்பலத்தில் புதிய குடியிருப்பை அமைத்தனர். மாநகராட்சியின் தலைவராயிருந்த பிட்டி தியாகராயரின் பெயரால் அது தியாகராய நகர் ஆயிற்று. அடுத்த ஆண்டுகளில் நுங்கம்பாக்கம் பகுதியும் சிறுகச் சிறுகக் கரைந்தது. இலயோலாக் கல்லூரி அங்கு எழுந்தது. பின்னாளில் 1976இல் வள்ளுவர் கோட்டமும் அவ்வேரி நிலத்தில்தான் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ஏரியே இல்லாத 'லேக் வியூ சாலை', நுங்கம்பாக்கத்தில் கரையே இல்லாத 'டேங்க் பண்ட் சாலை' என்று பெயர்கள் மட்டும் இருக்கின்றன. ஊர்ப் பெயராய்வு செய்வோர்க்கு இவை கல்வெட்டுக்கு ஒப்பானவை. கீழ்ப்பாக்கத்து நீரேற்று நிலையத்தையும் நகரின் கழிவுநீர்த் திட்டத்தையும் வகுத்த மாநகராட்சிப் பொறியாளர் மேட்லியின் பெயரைத் தாங்கிய சுரங்கப்பாதை தியாகராய நகருக்கும் மாம்பலத்துக்கும் இடையில் உள்ளது. பெருமழை பெய்தால் அங்கே நீர் நின்றுவிடுகிறது. ஏரி இருந்த இடத்துக்கு நீர் திரும்பி வருகிறது என்பதற்குமேல் இதில் வியப்பு ஒன்றுமில்லை.

ஆகவே, மன்றம் இருந்த காலத்தில் நீருக்குத் தீங்கு நேரவில்லை என்று எவரும் வாதிட இயலாது. ஆயினும் மன்றம் இருந்தபோது நகரின் தேவைக்கு ஒரு முகமும் ஒரு குரலும் இருந்தன. 1939-40இல் மேயராயிருந்த தீரர் சத்தியமூர்த்தி, போர் தொடங்கிவிட்ட அந்த நெருக்கடியிலும் பூண்டி நீர்த்தேக்கத் திட்டத்துக்காக அயராது வாதாடினார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1943 மார்ச்சில் அவர் மறைந்தார். 1944இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரைத் தாங்குகிறது. நாவன்மையாற் புகழ்பெற்ற ஒருவர் ஊருக்கு விட்டுச்சென்ற பொருள் குடிநீராக இருப்பது சிந்திக்கத்தக்கது. அவர் மறைந்த அதே 1943இன் அக்டோபரில் கூவம் கரைபுரண்டு நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியது.

நாடு விடுதலை பெற்ற ஆண்டுகளில் பேருந்துகள் அரசுடைமையாகத் தொடங்கின. நட்டத்தில் தள்ளாடிய டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1978இல் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியினின்று பிரிக்கப்பட்டுத் தனி வாரியத்தின்கீழ்ச் சென்றன. ஆறுகளும் பக்கிங்காம் கால்வாயும் அந்நாளில் மாநிலப் பொதுப்பணித் துறையைச் சேர்ந்தவையாக இருந்தன. மாநகராட்சியின் கையில் எஞ்சியவை தெரு, குப்பை, விளக்கு, மழைநீர் வடிகால். வடிகால் சென்று விழும் வாய்க்கால் வேறொருவருடையது! ஒவ்வொரு பிரிவினைக்கும் தனித்தனியே தக்க காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்து விளைவித்தது என்ன என்பதை எவரும் கூட்டிப் பார்க்கவில்லை.

கூவத்தைச் சீர்செய்யும் முயற்சியும் இக்காலத்தே நடந்தது. 1967க்குப் பின் தொடங்கிய திட்டத்தில் ஆற்றைத் தூர்வாரிப் படகு விட்டனர். சங்க கால வள்ளல்களின் பெயர்களைப் படகுத் துறைகளுக்குச் சூட்டினர். முல்லைக்குத் தேர் ஈந்த மரபை நினைவூட்டும் பெயர்கள் கூவக்கரையில் நின்றன. படகுகள் நெடுநாள் ஓடவில்லை.

1973இல் நேர்ந்ததே பெருமாற்றம். வேலை செய்யாத கூலியாட்களின் பெயரில் பணம் பெற்ற மஸ்டர் ரோல் ஊழல் வெளிப்பட, மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. ஊழல் மெய், அதற்குத் தண்டனையும் வேண்டியதே. ஆனால் மறுதேர்தல் நடந்தது 1996இல். இடைப்பட்ட இருபத்துமூன்று ஆண்டுகளில் தனி அலுவலர்களே நகரை ஆண்டனர். மாநிலத்தில் ஆட்சிகள் மாறின, குடியரசுத் தலைவர் ஆட்சியும் வந்து சென்றது. சென்னைக்குத் தேர்தல் மட்டும் வரவில்லை. ஆகவே இதனை ஒரு கட்சியின் கணக்கில் மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 1976 நவம்பரில் ஒரே நாளில் 45 செ.மீ. மழை பெய்து அடையாறு பெருகியபோது, தன் தெருவின் நிலையை எடுத்துரைக்க எந்த வட்டத்துக்கும் உறுப்பினர் இல்லை.

பறக்கும் இரயில் என்று மக்கள் அழைக்கும் திட்டம் ஒப்புதல் பெற்றதும், தூண்கள் ஊன்றப்பட்டதும், முதல் வண்டி ஓடியதும் இந்த ஆண்டுகளுக்குள்ளேதான். 1995 நவம்பர் 1ஆம் நாள் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வண்டி ஓடியது. மன்றத் தேர்தல் நடந்தது அதற்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து. 1997இல் திருமயிலைக்கும், 2004இல் திருவான்மியூருக்கும், 2007இல் வேளச்சேரிக்கும் பாதை நீண்டது.

திட்டமிட்டவர்களின் தருக்கத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. நெருக்கமான நகரில் புதிய பாதைக்கு நிலம் எடுத்தால் வீடுகள் இடிபடும், வழக்குகள் எழும், செலவு பெருகும். வாய்க்காலோ அரசின் நிலம். 1960களின் புயல்களுக்குப்பின் தோணிப் போக்குவரத்து நலிந்துவிட்டது. கழிவுநீர் கலந்து அது சாக்கடையாகவே கருதப்பட்டது. பயனற்றது என்று எண்ணப்பட்டதன்மேல் பயனுள்ளதைக் கட்டுவதில் பொறியாளர்க்குத் தயக்கம் எழவில்லை. தோணி போகாத வாய்க்காலிலும் வெள்ளம் போகும் என்பதை எடுத்துக்கூற வேண்டியவர் அவரல்லர். அதனைக் கூற வேண்டியவர், மழைநாளில் வாய்க்கால் எதிர்த்து ஏறித் தன் வாசலுக்கு வருவதைக் கண்ட திருவல்லிக்கேணிக்காரர். அவர் குரலை ஏந்திச் செல்ல ரிப்பன் மாளிகையில் இருக்கையில்லை. கால்வாய் சில இடங்களில் பழைய அகலத்தில் பாதிக்கும் கீழே குறுகியது.

மன்றம் இருந்திருந்தால் தூண்கள் வேறிடம் சென்றிருக்குமா? உறுதியாகக் கூற இயலாது. மாம்பலத்து ஏரி நம்பிக்கையூட்டும் சான்றன்று. வினா எழுப்பப்பட்டிருக்கும், விடை அவைக்குறிப்பில் ஏறியிருக்கும் என்ற அளவே கூறலாம். நடுவணரசே 2008இல் பக்கிங்காம் கால்வாயை உள்ளடக்கிய நீர்வழியை நான்காம் தேசிய நீர்வழி என்று அறிவித்தது. படகு விட எண்ணியவர்கள் சென்னைக்குள் வந்ததும் தூண்களை எதிர்கொண்டனர்.

2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பறக்கும் இரயிலே காரணம் என்று சொல்வதும் மிகையாகும். அவ்வாண்டு நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. மழை பதிவாயிற்று, 1918க்குப்பின் அம்மாதத்தில் அவ்வளவு பெய்ததில்லை. டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் இறங்கியது. ஏரி திறப்பைக் குறித்துக் கணக்காய்வுத் துறை 2018இல் கடுமையான அறிக்கை அளித்தது. அப்போது மன்றம் இருந்தது. ஆனால் ஏரியின் மதகு அதன் கையில் இல்லை, ஆறு அதன் கையில் இல்லை. அடுத்த ஆண்டே மன்றத்தின் காலம் முடிந்தது. 2016 இறுதியிலிருந்து 2022 வரை மீண்டும் வெற்றிடம். 2011இலேயே நகர எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து, வட்டங்கள் 200 ஆகிவிட்டமையால், இம்முறை வெற்றிடமும் அதற்கேற்பப் பெரிதாயிருந்தது.

2022இல் மன்றம் கூடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழை வேளச்சேரியையும் பள்ளிக்கரணையைச் சூழ்ந்த பகுதிகளையும் மூழ்கடித்தபின், உறுப்பினர்கள் எழுந்து கேட்கவேனும் ஓர் அவை இருந்தது. தெருவின் வடிகால் மாநகராட்சியைச் சார்ந்தது. அது சென்று சேரும் கால்வாய் நீர்வளத் துறையைச் சார்ந்தது. கால்வாய்க்குள் நிற்கும் தூண் இரயில்வேக்காகக் கட்டப்பட்டது. ஒரே நீருக்கு மூன்று அலுவலகங்களில் மனு எழுத வேண்டியிருக்கிறது. பருவமழைக்கு முந்திய மாதங்களில், நீரிலும் நிலத்திலும் இயங்கும் அகழ் எந்திரங்கள் நகரின் வாய்க்கால்களில் இறங்குகின்றன. பஞ்சத்து மக்கள் மண்வெட்டியால் வெட்டிய அந்த எட்டு கிலோமீட்டரில் சேறள்ள வருவோர் தூணுக்கும் தூணுக்கும் இடையே வழி பார்த்துத்தான் செல்ல வேண்டியிருக்கிறது. மேலே வேளச்சேரி வண்டி போய்க்கொண்டிருக்கிறது.