ஏட்டிலிருந்து ஏட்டுக்கு

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளை நோக்கிச் சுமார் மூன்று கிலோமீற்றர் சென்றால் அலுவிகாரைக் குகைகள். செவிவழியாக ஓதப்பட்டுவந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் காலத்தில் இங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சமும் போரும் ஓதுவோரைக் கொண்டுபோனால் நூலும் உடன் போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியின்போது அலுவிகாரையின் சுவடிகள் அழிந்தன. ஆனால் நூல் அழியவில்லை. பிரதிகள் வேறிடங்களில் இருந்தன.

அந்தக் குகைகளுக்குச் செல்லும்போதெல்லாம், தொடர்பற்றதுபோலத் தோன்றும் இன்னொரு வரலாறு எனக்கு நினைவுக்கு வருகிறது. அது, கணினி விளையாட்டுகளை லினக்ஸில் இயங்கச் செய்தவர்களின் வரலாறு.

விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டு லினக்ஸில் தானாக ஓடாது. படம் வரைய அது டிரெக்ட்எக்ஸை அழைக்கும். லினக்ஸில் அது இல்லை. கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்றே, லினக்ஸுக்கு வேறுவேறு. ஓர் எழுத்து மாறினாலும் படமோ ஒலியோ கிடைக்காது. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்துவது ஏடு பெயர்த்தெழுதுவோரின் பொறுமையை வேண்டும் வேலை.

அமெரிக்காவில் 1998இல் தொடங்கப்பட்ட லொக்கி நிறுவனம் இதைத் தொழிலாகவே செய்தது. போதிய விற்பனையின்றி 2002இல் மூடப்பட்டது. அது விற்ற விளையாட்டுகளின் மூலநிரல் பெரும்பாலும் பிறர் கைக்கு வரவில்லை. புதிய லினக்ஸ் பதிப்புகளில் அவற்றை ஓட்டுவது ஆண்டுக்காண்டு கடினமாயிற்று. ஆனால் அங்கு பணியாற்றிய சாம் லன்ரிங்கா உருவாக்கிய எஸ்டிஎல் என்ற நிரற்தொகுப்பு திறந்த மூலமாக இருந்ததால் இன்றும் வாழ்கிறது. அங்கிருந்து வெளியேறிய ரயன் கோர்டன், பின்னர் 'அக்குவாரியா' போன்ற சுயாதீன விளையாட்டுகள் பலவற்றை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்.

2010 மே மாதத்தில் 'ஹம்பிள் இண்டி பண்டில்' வந்தது. சிறு குழுக்கள் ஆக்கிய விளையாட்டுகளை, வாங்குபவர் விரும்பிய விலைக்கே கொடுத்தார்கள். லினக்ஸில் காசு கொடுத்து வாங்குவோர் இல்லை என்பது அன்றைய வியாபாரக் கணக்கு. லினக்ஸ் பயனாளரோ சராசரியாக விண்டோஸ் பயனாளரைவிடக் கூடுதலாகக் கொடுத்தனர். மொத்தம் 12 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. நான்கு விளையாட்டுகளின் மூலநிரலும் திறக்கப்பட்டது.

அவற்றுள் ஒன்று 'லுகாரு'. டேவிட் ரோசன் என்பவர் பெரும்பாலும் தனியொருவராக ஆக்கி 2005இல் வெளியிட்ட, போர்வீர முயலொன்றின் கதை. மூலநிரல் கிடைத்ததும் தொண்டர்கள் அதைப் பேணத் தொடங்கினார்கள். ஆக்கியவர் அடுத்த வேலைக்குச் சென்ற பின்னும் அது பிழைத்திருக்கிறது.

2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டன், விண்டோஸ் விளையாட்டுகளைத் திருத்தாமலே லினக்ஸில் ஓட்ட உதவுகிறது. பெரும் வசதிதான். ஆனால் அது அருகிருந்து பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் துபாஷியைப் போன்றது. மூலநிரல் நம் கைக்கு வருவதில்லை.

விளையாட்டுக்காகவா இவ்வளவு கவலை என்று வாசகர் கேட்கலாம். தொண்ணூறுகளில் நான் எழுதிய கட்டுரைகள் சில நெகிழ்வட்டுகளில் கிடந்தன. பாமினி எழுத்துருவில் வெறும் உரையாகச் சேமித்தவற்றை, யாரோ முகந்தெரியாதவர் எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த மாற்றியால் யுனிகோடுக்குக் கொண்டுவர முடிந்தது. பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பாக மட்டும் இருந்தவற்றைத் திறக்க என்னால் இயலவில்லை. இரண்டையும் எழுதியவன் நானே. பிறரும் படிக்கக்கூடிய வடிவில் விட்டவை மட்டுமே மீண்டன.

அலுவிகாரையில் எழுதியவர்கள் தங்களுக்காக எழுதவில்லை. தாங்கள் இல்லாத காலத்தில் அந்த ஏட்டைப் பெயர்த்தெழுதப் போகிறவனுக்காக எழுதினார்கள். தமிழில் இன்று விளையாட்டோ அகராதியோ செயலியோ ஆக்கும் இளைஞர்களிடம் நான் வேண்டுவதும் அதுதான்: உங்களுக்குப் பின் வருபவர் பெயர்த்தெழுத மூலத்தையும் விட்டுச் செல்லுங்கள்.